நான் நடித்த அம்மா சொன்ன விமர்சனம்

அரியலூரில் ரயிலடிக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைப்பேன். ஊரில் பாதிப் பெண்களுக்கு என்னைக் கழுத்தில் அளவு டேப் போட்டவளாகத்தான் தெரியும். சின்ன வயதில் எழுத்தறிவு இயக்கத்துக்காக ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டவள் என்பது பழைய ஆட்கள் சிலருக்குத்தான் நினைவிருக்கும். அப்போது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரல் கனமாக இருந்ததால் எப்போதும் கிழவி வேஷம்தான் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அதெல்லாம் நின்றுபோனது.

அதை யாரோ ஒரு இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் ஒல்லியாக, தாடி வைத்த ஒரு பையன் கடைக்கு வந்து நின்றான். பையன் என்றுதான் நினைத்தேன், என் மகனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவனாக இருக்கலாம். அவர்தான் இயக்குநர். "அம்மா, ஒரு வெப் சீரிஸ் எடுக்கறோம். ஆறு பாகம். அதுல ஒரு அம்மா கேரக்டர் இருக்கு. உங்க முகம் சரியா இருக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்த நேரம் நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு கட்டிக்கொண்டிருந்தேன், வாயில் நூல் இருந்தது.

கதை என்ன என்று கேட்டேன். சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் புரிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்னால் இங்கே நடந்த கொலைதான். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிப்போகிற லாரியில் ஓட்டுநர்களாக இருந்த இரண்டு பையன்கள். சிநேகிதர்கள். ஒருவன் அரியலூர்ப் பக்கம், இன்னொருவன் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வந்து ரெட்டிபாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவன். கல் வெட்டி முடித்து விட்டுப்போன ஒரு பழைய மைன்ஸ் குழித் தண்ணீரில் அரியலூர்ப் பையன் பிணமாகக் கிடந்தான். வேப்பந்தட்டைப் பையன் ஜெயிலுக்குப் போனான், இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

"அதை அப்படியே எடுக்கலம்மா. அதுல இருந்து ஒரு பொறி மட்டும் எடுத்துக்கிட்டு நாங்களா எழுதினது. இது நுவார்" என்றார் இயக்குநர்.

"அப்படின்னா?"

"இருட்டுக் கதை. யாரையும் முழுசா நல்லவங்கன்னு சொல்ல முடியாது. கெட்டவங்கன்னும் சொல்ல முடியாது."

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிமெண்ட் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். எதற்கும் அவ்வளவு சுலபத்தில் ஆச்சரியப்படமாட்டார். "நடிச்சா நடி. கொலைகாரனுக்கு அம்மாவாத்தான, கொலைகாரியாவா கூப்பிட்டாங்க?" என்றார்.

படப்பிடிப்பு பங்குனி வெயிலில் நடந்தது. மைன்ஸ் ஓரத்தில் நின்றால் மேலே வெயில், கீழே வெள்ளைப் பாறையிலிருந்து இன்னொரு வெயில். ஒருநாள் எனக்குச் சோறு கொண்டுவந்த வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இருட்டுக் கதைங்கறாங்க, உச்சிவெயில்ல எடுக்கறாங்க" என்று காதில் சொன்னார். இயக்குநர் அதைக் கேட்டுவிட்டு, "அதுதான் சார் ஐடியாவே" என்று சந்தோஷப்பட்டார்.

எனக்கு நான்கு காட்சிகள். அதில் இரண்டுதான் முக்கியம். ஒன்று, மகன் வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்ட சட்டையை அம்மா துவைகல்லில் வைத்துத் தோய்க்கிறாள். தண்ணீர் சிவந்து வாய்க்காலில் ஓடுகிறது. அவளுக்கு எல்லாம் புரிகிறது, ஆனாலும் கை நிற்கவில்லை. இன்னொன்று, கோர்ட்டு வராந்தாவில் மகனை விலங்கோடு கூட்டிப்போகிறபோது அவள் தூணோரம் நின்று பார்க்கிறாள்.

சட்டைக் காட்சிக்கு முன்னால் நான் கேட்டேன்: "அந்தம்மா நெசமாவே தோய்ச்சாங்களா?"

"தெரியாதும்மா. கதைக்கு அது வேணும்" என்றார்.

கோர்ட்டுக் காட்சியில் நான் முதல் தடவை அழுதுவிட்டேன். யாரும் அழச் சொல்லவில்லை. அந்தப் பையனாக நடித்தவனைப் போலீஸ் உடுப்பு போட்டவர்கள் இழுத்துப் போனபோது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இயக்குநர் வந்து என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லா இருக்கும்மா, ஆனா அழாதீங்க. கல்லு மாதிரி நில்லுங்க. அழுகையைப் பாக்கறவங்க கிட்ட விட்டுடுவோம்" என்றார். நின்றேன். அந்த வராந்தாத் தூணில் ஒரு பல்லி போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத்தான் படத்தில் வைத்தார்கள்.

சீரிஸ் வந்தபோது சென்னையில் வேலை பார்க்கும் மகன் லீவு போட்டுவிட்டு வந்து, டி.வி.யில் எல்லாம் சரிசெய்து கொடுத்தான். அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சட்டைக் காட்சியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல. உன்னையப் பாத்தா பயமா இருக்கு" என்றார்.

பிறகு விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. மகன் சென்னையிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்புவான். வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தி வாசிப்பவர் மாதிரி போனில் இருந்து படிப்பார். ஒரு விமர்சகர், அந்தத் தாயின் முகம் வெட்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம் போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். "இது பாராட்டறாங்களா, திட்டறாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இன்னொருவர், தமிழில் அம்மாக்கள் அழுது அழுதே தேய்ந்துபோன காலத்தில் அழாத ஒரு அம்மாவைக் காட்டியதற்கே இயக்குநரைக் கும்பிட வேண்டும் என்றார். யூடியூபில் ஒரு பையன் மட்டும் ரொம்ப மெதுவாக நகர்கிறது, ஓட்டி ஓட்டிப் பாருங்கள் என்றான். அந்தப் பையனை வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டது. அவரும் மூன்றாம் பாகத்தில் தூங்கியவர்தான்.

ஒரு விமர்சனம் மட்டும் என் மனதில் தங்கியது. எழுதியவர் ஒரு பெண். எடுத்த விதத்தைப் பாராட்டிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஆறு பாகம் முழுக்கக் கொன்றவனுடைய மனசுக்குள் போய் வருகிறோம், செத்தவன் முதல் காட்சியில் தண்ணீரில் குப்புறக் கிடக்கிறான், அவன் முகத்தைக் கடைசிவரை நமக்குக் காட்டவே இல்லையே, ஏன்? வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தார். எனக்கும் அது சரியான கேள்வி என்று பட்டது.

கடைக்கு வருகிறவர்களும் அவரவர் விமர்சனத்தைச் சொன்னார்கள். "அக்கா, அந்த கோர்ட்டு சீன்ல உங்க ஜாக்கெட்டு கை பொருந்தலக்கா, நீங்களே தைச்சிருக்கலாமுல்ல" என்றாள் ஒருத்தி. லாரி ஓட்டுகிறவர் ஒருவர், லோடு ஏற்றின வண்டியை அந்த வேகத்தில் வளைத்தால் மறுநாள் ஓட்டுநர் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள் என்றார். சிலருக்குக் கோபம். "ஊருக்கே ஒரு மாதிரி பேரு வந்துடுச்சி. நம்ம ஊருன்னா கொலையும் குழியுந்தானா?" என்று ஒரு டீச்சர் பிளவுஸ் துணியை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். "லைனிங் வைக்கணுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். ஒரு பகல் நேரம், முப்பது வயதிருக்கும், ஒரு பெண் கடைக்குள் வந்தாள். கையில் துணி எதுவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, என்ன தைக்கணும்?"

"தைக்க வரலிங்க. நீங்கதான அந்த சீரியல்ல அம்மாவா வந்தது?"

"ஆமா."

"நான் அவங்க பொண்ணுங்க" என்றாள். "நெச அம்மாவோட பொண்ணு."

மெஷினிலிருந்து காலை எடுத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் குரலில் சண்டை இல்லை, களைப்புதான் இருந்தது. பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"எம் பொண்ணு அஞ்சாவது படிக்கிறாங்க. ஸ்கூல்ல புள்ளைங்க கேக்குதாம், உங்க அம்மாயிதான ரத்தச் சட்டையத் தோய்ச்சதுன்னு. இது வந்து அம்மாகிட்டயே கேட்டுடுச்சி. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. நான்தான் போன்ல உங்க சீனை மட்டும் போட்டுக் காட்டுனேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலிங்க. திரும்பப் போடச் சொன்னாங்க. பாத்துட்டு, இந்தப் பொம்பளைய நான் பாக்கணும்னாங்க. அவங்களால அவ்வளோ தூரம் வர முடியாது, முட்டி வலி. நீங்க வருவீங்களா?"

வீட்டுக்காரர் போக வேண்டாம் என்றார். "நீ எழுதினியா, எடுத்தியா? சொன்னதச் செஞ்ச. அங்க போயி நாலு பேரு கூடி எதாச்சும் சொல்லிட்டா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவ்வளவு தூரம் வந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ் மாறினேன். அறுவடைக் காலம். தார்ச்சாலையில் பாதியை மக்காச்சோளம் அடைத்துக்கொண்டு காய்ந்தது, டிரைவர் அதை நசுக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. வீதி நாடகத்துக்கு நிற்கும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. வேப்பந்தட்டையில் மகள் வந்து காத்திருந்தாள். அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ஊருக்குள் போனேன்.

அந்த அம்மா வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, ஒரு குவியல் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாளால் அரிந்துகொண்டிருந்தார். கூலிக்கு அரிவது. என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மெலிந்த உடம்பு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நல்லா, நிதானமாகப் பார்த்தார்.

"நீதானா நானு?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"உக்காரு. கொஞ்சம் செவப்பா இருக்கற. நான் இவ்வளோ செவப்பு இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு கைப்பிடி வெங்காயத்தை எடுத்தேன். "வுடு, நீ கத்திரி புடிக்கிற கை. அருவா ஏடாகூடமா பட்டுடும்" என்றார். மகள் டீ போடப் போனாள். அந்த அம்மா அரிந்துகொண்டே கேட்டார்.

"ஏம்மா, கோர்ட்டுல நீ ஏன் அழுவல?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டையைப் பற்றித்தான் கேட்பார் என்று பஸ்ஸில் வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அழ வேண்டாம்னு சொன்னாங்கம்மா."

"யாரு?"

"எடுக்கறவரு. அழுவாம நின்னாத்தான் நல்லாருக்கும்னாரு."

"யாருக்கு நல்லாருக்கும்?"

எத்தனை பேர் பாராட்டி எழுதிய இடம் அது. அழுகையைப் பார்க்கிறவர்களிடம் விட்டுவிடுவோம் என்று இயக்குநர் சொன்னதை இவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "பாக்கறவங்க அழுவணும்னுதான்..." என்று இழுத்தேன்.

"பாக்கறவன் எதுக்கும்மா அழுவறான்? அவன் புள்ளையா?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு அரிவாளைக் கீழே வைத்தார்.

"நான் அழுதேன். கோர்ட்டு வாசல்ல மண்ணுல உழுந்து பொரண்டு அழுதேன். போலீஸ்கார பொம்பள ரெண்டு பேரு தூக்கினாங்க, சீலை அவுந்துபோச்சி, அதைக்கூட நான் பாக்கல. அவனுக்காவ மட்டும் அழுதேன்னு நெனைக்காத. செத்துப்போன புள்ள எங்க வூட்டுக்கு வரும். வெசாழக்கெழம சந்தைக்கு அவங்கூட வண்டியில வரும். தெருமொனையிலயே, ‘அம்மா, கருவாடு போட்டியா?’ன்னு கத்திக்கிட்டு வரும். சிரிச்சா நாலு வூட்டுக்குக் கேக்கும். அதையும் சேத்துத்தான் அழுதேன். நீ நின்ன மாதிரி நின்னா, ஊரு என்ன நெனைக்கும்? இவளுக்குக் கல்லு மனசு, அதான் புள்ளை அப்பிடின்னு நெனைக்காதா?"

மகள் டீயோடு வந்து நின்றுவிட்டாள். அம்மா இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது.

"சட்டைய நான் தோய்க்கல" என்றார் அந்த அம்மா. "அவன் வந்தான். சோறு போட்டேன், திங்கல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டான். ஒடம்பு சரியில்லன்னு நெனைச்சேன். அப்பறம் போலீசு வந்து அவன் போட்டிருந்த சட்டையோடதான் கூட்டிக்கிட்டு போச்சி. எனக்கு எதுவுமே தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நீ கேக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது. ஆனா தோய்க்கல."

நான் நம்பினேன். நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"அதுல எதுக்காவ கொன்னான்னு காட்டியிருக்காங்களாமே, பொண்ணு சொல்லுச்சி" என்றார்.

சொன்னேன். சீரிஸில் ஒரு குவாரி முதலாளி, ஒரு பெண், ஒரு துரோகம் எல்லாம் வரும். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு முடிச்சு அவிழும். அவர் கடைசிவரை கேட்டார்.

"அவ்வளோ காரணம் இருந்திருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்மா. ரெண்டும் குடிச்சிருந்துச்சி. பேச்சு வளந்துச்சி. அவ்வளோதான். ஒரு காரணமும் இல்ல. ஜெயிலுக்குப் போறப்பல்லாம் கேக்கறேன், ஏன்டா, ஏன்டான்னு. தெரியலம்மாங்கறான்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மேல குத்தமில்ல. நல்லாத்தான் நடிச்சிருக்க. துணி தொவைக்கிற கை நெசமாத்தான் இருந்துச்சி. ஆனா நாலு பேரு இருக்கற எடத்துல ஒரு தடவ சொல்லிடு, அந்தம்மா தோய்க்கலன்னு. எம் பேரைச் சொல்லாத. அந்தம்மான்னு சொன்னா போதும்." ஒரு பை நிறைய வெங்காயமும் கொடுத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இயக்குநருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அம்மா, ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னாடி இது கற்பனைன்னு போட்டிருக்கோமே" என்றார்.

"போட்டிருக்கீங்க தம்பி. எழுத்து சின்னதா இருந்துச்சி. அஞ்சாவது படிக்கிற புள்ளைங்க அதைப் படிக்கல."

"நான் எதாவது சொன்னா கம்பெனியில வக்கீல்ங்க ஒத்துக்க மாட்டாங்க. நிஜக் கேசோட சம்பந்தப்படுத்தி எதுவுமே பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. யோசிக்கறேம்மா" என்றார். நல்ல பையன்தான். நான் அவரை மேலும் நெருக்கவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்து, பெரம்பலூரில் ஒரு வாசகர் வட்டத்தார் இந்தச் சீரிஸைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இயக்குநரைக் கூப்பிட்டிருந்தார்கள், செத்தவனின் முகம் எங்கே என்று எழுதிய அந்த விமர்சகரையும் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளூர் நடிகை என்று எனக்கும் ஒரு சால்வை. வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் பேசியவர்கள் ஒளிப்பதிவு, வெள்ளைத் தூசி, மௌனம் என்று பேசினார்கள். அழாத தாயைப் பற்றி ஒருவர் ரொம்ப நேரம் பேசினார். விமர்சகர் தன் கேள்வியைத் திரும்பவும் கேட்டார். இயக்குநர் அதை மறுக்கவில்லை, குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள்.

நான் மைக் முன்னால் நின்று பேசி முப்பது வருடம் இருக்கும். நேராகச் சொல்லிவிட்டேன். "நான் நடிச்ச அம்மா சட்டையத் தோய்ச்சாங்க. நெசத்துல இருக்கற அம்மா தோய்க்கல. நான் நடிச்ச அம்மா அழல. நெச அம்மா கோர்ட்டு வாசல்ல மண்ணுல விழுந்து அழுதாங்க. பெத்த புள்ளைக்காகவும் அழுதாங்க, செத்துப்போன புள்ளைக்காகவும் அழுதாங்க. செத்துப்போன பையன் அவங்க வீட்டுல சாப்பிட்டவன். தெருமுனையிலயே கருவாட்டுக் கொழம்பு இருக்கான்னு கேட்டுக்கிட்டு வருவானாம். சிரிச்சா நாலு வீட்டுக்குக் கேக்குமாம். மேடம் அவன் மொகம் எங்கன்னு கேட்டீங்க. எனக்கு அந்தம்மா சொல்லித் தெரிஞ்ச மொகம் இவ்வளவுதான்."

நான் போய் உட்காரப் போனேன். இயக்குநர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். வக்கீல்கள் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"சட்டைக் காட்சி என் கற்பனை. நான் எழுதினது. நிஜத்துல யாரும் அப்படிச் செஞ்சதா எந்தப் பதிவும் இல்ல. அந்தம்மாவுக்கும் அந்தக் காட்சிக்கும் சம்பந்தமில்ல. அதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மொதல் டேக்ல அழுதீங்க இல்லம்மா? அது என்கிட்ட இன்னும் இருக்கு" என்றார்.

நான்கைந்து பேர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டு வாட்ஸப்பில் பெரம்பலூர் முழுக்கச் சுற்றியது. வேப்பந்தட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பெனியிலிருந்து இயக்குநருக்குப் பேச்சு விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னருகே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். விமர்சகர்கூட எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"நான் அவன் அண்ணங்க" என்றார்.

எந்த அண்ணன் என்று ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. செத்துப்போன பையனுடைய அண்ணன்.

"இந்தப் படத்தை நாங்க பாக்கல. வூட்டுல யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இங்க பேசறாங்கன்னு கேட்டு, என்னதான் பேசறாங்கன்னு பாக்க வந்தேன்." டீயை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "சட்டை சமாச்சாரம் எனக்குத் தெரியாது. ஆனா அந்தம்மா அழுதது எங்களுக்குத் தெரியுங்க. காரியத்தன்னிக்கு எங்க வூட்டு வாசலுக்கு வந்தாங்க. தனியா வந்தாங்க. சொந்தக்காரங்க எல்லாம் அடிக்கப் போனாங்க. நான்தான் மறிச்சி, கதவைச் சாத்திட்டேன். வெளிய உக்காந்து ரொம்ப நேரம் அழுதாங்க. உள்ள எங்கம்மா அழுதாங்க. அப்பறம் எழுந்து போயிட்டாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலிங்க. அது எங்களால ஆவாது. ஆனா அவன் சிரிச்சா நாலு வூட்டுக்குக் கேக்கும்னு சொன்னீங்க பாருங்க, அது சரிதான். எங்க தெருவுல இப்பவும் சொல்லுவாங்க. அதை அந்தம்மா ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கப்பைக் கீழே போடாமல் தேடிப்போய்த் தொட்டியில் போட்டுவிட்டு, போய்விட்டார். போவதற்கு முன் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார், எதற்கென்று சொல்லவில்லை.

விமர்சகர் என் தோளில் கைவைத்தார். இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்பார் என்று நினைத்தேன். "இதை நான் எழுத மாட்டேன். வீட்டுக்கு எப்படிப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். பஸ் என்றேன். தான் வந்த காரிலேயே எங்கள் இருவரையும் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்.

அடுத்த நாள் கடையிலிருந்து மகளுக்குப் போன் செய்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். மண்டபத்தில் நடந்ததைச் சொன்னேன். வீடியோ பார்த்துவிட்டாராம். "அந்தத் தம்பி நல்லா சொல்லுச்சி. பேத்தி ஸ்கூலுக்கு எடுத்துக்கிட்டுப் போயி காட்டறேன்னு நிக்குது, போனெல்லாம் எடுத்துக்கிட்டுப் போவக் கூடாதுன்னு அதட்டி வெச்சிருக்கேன்" என்றார். குரல் லேசாக இருந்தது. பிறகு அண்ணன் வந்ததைச் சொன்னேன். கதவைச் சாத்தியதை அவர் சொன்னார் என்றும், சிரிப்பைப் பற்றிச் சொன்னது சரி என்றார் என்றும் சொன்னேன்.

நான் போனை வைக்கப் போனேன்.

"அவங்க அம்மா நல்லாருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன் என்றேன்.

அண்ணனின் நம்பர் என்னிடம் இல்லை. அவரே கூப்பிட்டால்தான் உண்டு. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, சும்மா கூப்பிட்டேன் என்றார். அவர் அம்மா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டேன். வேறு யாருக்காகக் கேட்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. "கண்ணுக்கு ஆபரேசன் பண்ணியிருக்கோம். இப்ப நல்லாத் தெரியுதாம். காலையில கோயில் வரைக்கும் தனியாவே போயிட்டு வராங்க" என்றார். "இதை அவங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றார்.

கையிலிருந்த சீருடைக்குப் பொத்தான் வைத்து முடித்துவிட்டு, வேப்பந்தட்டைக்குப் போன் போட்டேன்.